விடாது கருப்பு, விட்டுப்போன பயம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பயந்து பயந்து பார்த்த பழைய நாடகத்தைப் பல வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: "இதுக்கா பயந்தனாங்கள்?" இத்தீர்ப்பை விசாரணையின்றி ஏற்பது அறிவுலகுக்கு அழகல்ல. ஆகவே 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' தொடரை இக்கட்டுரை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, 1990களின் பிற்பகுதியில் சன் ரீவியில் கிழமைக்கு ஒருமுறை வந்த தொடர் அது. தப்புச் செய்கிறவர்களைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிப்பார் என்பது கதையில் வரும் ஊரின் நம்பிக்கை. நம்பிக்கையோடு நில்லாமல் ஆட்களும் சாகிறார்கள். நமது துணிபு இதுதான்: பயம் அந்தத் தொடருக்குள் ஒருபோதும் இருந்ததில்லை. ஓர் அங்கம் முடிந்து அடுத்தது வரும்வரை நடுவில் கிடந்த நாட்களில் இருந்தது.

இதை நிறுவச் சென்னையைவிடக் கொழும்பே நல்ல ஆய்வுக்கூடம். கருப்பர் எல்லைத் தெய்வம். கொழும்பின் தமிழர் பகுதியான வெள்ளவத்தைக்கு மேற்கே கடல்; எல்லை என்று காவல் நிற்பதானால் தெற்கே தெகிவளைக் கால்வாய்ப் பாலத்தில்தான் நிற்கவேண்டும். அங்கே குதிரை நிறுத்த பஸ்காரர்கள் விடமாட்டார்கள். மேலும் அது போர்க்காலம், சோதனைச்சாவடிகளின் காலம். கையில் அரிவாளோடு ஒரு தமிழர், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இல்லாமல், இரவில் காலி வீதியில் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். தர்க்கப்படி வெள்ளவத்தையின் தொடர்மாடிகள் உலகிலேயே கருப்பரிடமிருந்து மிகப் பத்திரமான இடம். ஆனால் பயம் அங்கேதான் கூடுதல். காரணம், டிஷ் இல்லாத வீட்டுக்குத் தொடர் வீடியோக் கசட்டில்தான் வரவேண்டும். கசட் கடைக்கு வரச் சுணங்கும். வந்தாலும் வேறொருவர் வாடகைக்குக் கொண்டுபோயிருப்பார். அவர் திருப்பித் தரும்வரை, போன அங்கத்தின் முடிவில் கதவைத் திறக்கப்போன பாத்திரம் கதவடியிலேயே நின்றுகொண்டிருக்கும். சென்னைக்காரர் ஒரு கிழமை பயந்த இடத்தில் கொழும்புக்காரர் இரண்டு மூன்று கிழமை பயந்தார்.

இங்கே கொழும்பின் இன்னொரு தமிழர் பகுதியான கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மறுப்பு வரும். மலையகத் தோட்டங்களில் கருப்பண்ணசாமிக்கும் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கோயில் உண்டு. அந்த வேர் உள்ள குடும்பங்கள் கொட்டாஞ்சேனையில் நிறைய. வெள்ளவத்தையின் யாழ்ப்பாணத்தாருக்கோ வைரவரைத் தெரியும், கருப்பரைத் தெரியாது. எனவே பயம் பக்தியிலிருந்து வந்தது, இடைவெளியிலிருந்து அல்ல என்பார்கள். மதிக்கத்தக்க வாதம்தான். ஆனால் அது சரியானால் கொட்டாஞ்சேனை நடுங்கியிருக்கும், வெள்ளவத்தை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். நடந்தது அதுவல்ல, இரவு பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் தேடியது இரண்டு இடத்துக்கும் பொது. தெரிந்த சாமியைக் கும்பிட்டுச் சமாளிக்கலாம். அறிமுகமில்லாத சாமியிடம் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்றே தெரியாதபடியால், வெள்ளவத்தைக்குச் சற்றுக் கூடுதலாகவே வேர்த்திருக்கும்.

கனமான மறுப்பு வேறொன்று. 1996 ஜூலையில் தெகிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது. கொழும்பு நகரமே பயத்தில் இருந்தது, அந்தப் பயம்தான் திரையில் வழிந்தது, இப்போது காலம் மாறியதால் நாடகமும் வெளிறிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சோதனைச்சாவடியே இல்லாத திருச்சியிலும் மதுரையிலும் இதே தொடருக்குப் போர்வையை இழுத்து மூடினார்களே. உண்மையில் கொழும்பில் நடந்தது தலைகீழ். நடுச்சாமத்தில் கதவு தட்டப்படும் பயத்துக்கு நேர அட்டவணை கிடையாது, அதைப்பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசுவதும் கிடையாது. கருப்பர் பாட்டுப் போட்டு, பெயரெல்லாம் ஓடவிட்டு, சொல்லிக்கொண்டு வந்தார். மனிதர் விரும்பி வாடகை கொடுத்துப் பயந்த ஒரே பயம் அதுதான்.

வயது ஏறிவிட்டது, தைரியம் வந்துவிட்டது என்ற வாதத்துக்கு அதிக மை செலவழிக்கத் தேவையில்லை. அன்று கூட இருந்து பார்த்த அம்மம்மாவுக்கு அப்போதே எழுபது. அவரும்தான் திருநீறு பூசிக்கொண்டு படுத்தார். முடிவு தெரிந்துவிட்டதே என்பார்கள். தெரியும்தான்: கொலைகளுக்குப் பின்னால் இருப்பது பிளவுபட்ட ஒரு மனம். (முடிவை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் இல்லை, கால் நூற்றாண்டுக்கும் மேல் அவகாசம் தரப்பட்டது.) ஆனால் மனநோய் விளக்கம் பகலில்தான் வேலை செய்கிறது. முடிவு தெரிந்தவரும் அன்றிரவு லைட்டை அணைக்கத் தயங்கினார்.

இன்று முழுத் தொடரும் யூடியூப்பில் கிடக்கிறது. கதவடியில் நின்ற பாத்திரம் ஐந்து விநாடியில் உள்ளே போய்விடுகிறது, அடுத்த அங்கம் தானாகவே ஓடத் தொடங்குகிறது. 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோதுகூட, சார்ஜும் சிக்னலும் இருந்த போனில் கதை தடையின்றி ஓடியிருக்கும். காத்திருக்கவே இடம் தராத ஒன்றைப் பார்த்துவிட்டு, அது பயமுறுத்தவில்லை என்று நாகாவையோ இந்திரா சௌந்தர்ராஜனையோ குறை சொல்வது அநியாயம். ஆகவே திரும்பப் பார்க்க விரும்புவோர் ஓர் அங்கம் பார்த்ததும் போனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து வாங்குக. அதற்கு மனமில்லாதவர்கள் "இதுக்கா பயந்தனாங்கள்?" என்று கேட்கும் தகுதியை இழக்கிறார்கள்.