டார்கெட் இல்லாத வேலை

மனசு சரியில்லன்னு கலர் பென்சில், பிரஷ், படம் அச்சடிச்ச நோட்டு எல்லாம் ஆன்லைன்ல வாங்கிட்டியாமே கண்ணு. பெட்டியை இன்னும் பிரிக்கலியா? சர்தான். பிரிச்சா வரையணும். வரைஞ்சா கோணலா வரும். கோணலா வந்ததை ஸ்டேட்டஸ்ல எப்பிடிப் போடறது? கவலை தீரட்டும்னு காசு கொடுத்து இன்னொரு கவலையை வாங்கி வெச்சிருக்க. சாமர்த்தியசாலி!

கைவேலை செஞ்சா மனசு ஆறும்னு சொல்றவங்களை ஒரு நாள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள்ள நிக்க வைக்கணும். நான் அங்க தோல் கட்டிங்ல இருந்தவன், பாத்திருக்கேன். பொம்பளைங்க காலையில இருந்து ஷூவோட மேல்பாகம் தைக்கிறாங்க. கைக்கு வேலை பஞ்சமா? சாயந்தரம் கம்பெனி பஸ் ஏறும்போது எவ மூஞ்சில சாந்தம் வழியுது? அவளையே விடிகாலையில வாசல்ல பாரு. புள்ளி வெச்சுக் கோலம் இழுப்பா. சூப்பர்வைசர் கிடையாது, டார்கெட் கிடையாது, பீஸை ரிஜெக்ட் பண்ண ஆளும் கிடையாது. இழை தப்பினா கையால தள்ளிட்டுத் திரும்ப இழுப்பா. கொஞ்ச நேரத்துல பால்காரன் வண்டி அது மேலயே ஏறிப் போவும். அதுக்காக அவ ஒப்பாரியா வெச்சா?

பேத்தி போன்ல படிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்துல கிரிஜா கைமல்னு ஒரு அம்மா, 2016-ல வந்த ஆராய்ச்சி. 39 பேருக்குக் களிமண்ணு, கலர் பேனா, ஒட்டறதுக்குக் காகிதம் கொடுத்து, 45 நிமிஷம் இஷ்டத்துக்கு எதையாவது செய்யச் சொல்லி, முன்னயும் பின்னயும் எச்சிலைச் சோதிச்சாங்களாம். மன உளைச்சல்ல ஏறுமே கார்டிசால், அது முக்கால்வாசிப் பேருக்கு இறங்கியிருந்துச்சு. வரையப் பழகினவன், பழகாதவன்னு பெரிய வித்தியாசம் இல்லியாம். மிச்சக் கால்வாசி? பக்கத்துல இருக்கறவன் என்ன வரையறான்னு எட்டிப் பாத்திருப்பாங்க. இது என் ஆராய்ச்சி.

அமெரிக்கா எதுக்கு, நம்ம வேலூருக்கு வா. சிஎம்சி ஆஸ்பத்திரியில பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் இருந்தாரு. 1914-ல கொல்லிமலையில பொறந்தவரு. டாக்டர் படிப்புக்கு முன்னாடியே கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகினவரு. தொழுநோயில மடங்கிப்போன விரலை ஆபரேஷன் பண்ணி நிமித்தினாரு. அப்புறம்தான் வேடிக்கை. மடங்கின கைக்காவது பிச்சை விழுந்துச்சு, நிமிர்ந்த கைக்கு அதுவும் நின்னுபோச்சு. ஊரும் சேத்துக்கல, வேலையும் கொடுக்கல. 1950-கள்ல அங்கேயே மண்குடிசை போட்டு, நவ ஜீவ நிலையம்னு பேர் வெச்சு, அவங்களுக்கு மரவேலை கத்துக்கொடுத்தாரு. பொம்மை செஞ்சாங்க. உளி பட்டாலும் உறைக்காத கை அது. அந்தப் பட்டறையில அவங்க கையைப் பாத்துப் பாத்துத்தான், நோய் விரலைத் தின்னல, வலி தெரியாம படற காயந்தான் தின்னுதுன்னு டாக்டருக்கே வெளங்குச்சு. ஊர் தொடக் கூசின கை செஞ்ச பொம்மை அது. செஞ்சவன் எப்பிடி நிமிர்ந்து நின்னிருப்பான், நீயே நெனச்சுப் பாரு. ஆபரேஷன் விரலைத்தானே நிமித்தும்?

அதுக்காக, கலர் அடிச்சா எல்லாத் துக்கமும் ஓடிப்போயிடும்னு நான் புளுகமாட்டேன். ராவுல தூக்கம் வரல, சோறு எறங்கல, உயிரே பாரமா இருக்குதுன்னா பென்சிலைக் கீழ வெச்சுட்டு வேலூர் பாகாயத்துக்குப் பஸ் ஏறு. சிஎம்சி மனநல மையம் 1957-ல இருந்து அங்க இருக்குது. நோயாளி கூட வீட்டு ஆளையும் தங்க வெச்சு வைத்தியம் பாக்கறதுல பேர் போன எடம். வெக்கம் என்ன வெக்கம்? பல்லு வலிக்குப் போறப்ப தலையில முக்காடா போட்டுக்கற?

அந்த அளவுக்கு இல்லன்னா, இன்னிக்கு ராத்திரி போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு ஒக்காரு. மயில் வரைஞ்சு அது கோழியா வந்தா கோழிதான், விடு. போட்டோ எடுக்காத. எனக்கும் காட்டாத. கட்டிங்ல தோலைத் தடவிப் பாத்து ரிஜெக்ட் சொல்லியே பழகினவன் நானு. வாய் சும்மா இருக்காது.