பத்தாயிரம் வாட்டுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
இந்திய தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், புது தில்லி.

பொருள்: ஆற்றல் அழியா விதியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளுக்குக் கிடைத்திருக்கும் விலக்கு – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளிக்கூடத்தில் இன்னமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடநூல்தான் பழசாகிவிட்டதே தவிர, கடைத்தெரு எப்போதோ முன்னேறிவிட்டது. வீட்டுக்கு வாங்கும் ஹோம் தியேட்டர் பெட்டியின் முன்பக்கம் 'பி.எம்.பி.ஓ. 10,000 வாட்' என்று பொன்னெழுத்தில் மின்னுகிறது. அதே பெட்டியின் முதுகில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படியான எழுத்தில், '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்' என்று இருக்கிறது. சுவரிலிருந்து அறுபதை வாங்கிக்கொண்டு அறைக்குள் பத்தாயிரத்தைக் கொட்டும் கருவி உலகில் வேறெங்கும் இல்லை. பெட்டி சொல்வது மெய்யானால் அது 43 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். நம் வீட்டு பிளக் பாயிண்ட் தாங்குவதோ 6 ஆம்பியர். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் பத்து மணி நேரப் பாட்டில் தீர்ந்துபோயிருக்கும். அப்படித் தீர்வதில்லை, ஃபியூஸும் போவதில்லை. இயற்கையின் விதியை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். நாட்டில் அளவுக்கும் தரத்துக்கும் பொறுப்பானவர்கள் என்ற முறையில் தங்களுக்கே நன்றி சொல்லத் தோன்றுகிறது.

பி.எம்.பி.ஓ., அதாவது 'உச்ச இசைத் திறன்' என்ற பெயரில் பத்தாயிரம் எப்படி வருகிறது என்று தங்கள் அதிகாரிகள் அறியாததல்ல. ஓர் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்குள் இடைவிடாமல் செலுத்தக்கூடிய சராசரித் திறனைத்தான் கடைக்காரர் 'ஆர்.எம்.எஸ். வாட்' என்கிறார். சைன் அலையின் உச்சத்தில் அந்தத் திறன் ஒரு கணம் இரண்டு மடங்காகிறது. இது கணக்கு, இதில் பொய் இல்லை. அதற்குப் பிறகுதான் கற்பனை தொடங்குகிறது. எல்லாச் சானல்களின் உச்சத்தையும் கூட்டலாம், கண்ணிமைக்கும் நேரத்தில் மின்தேக்கிகள் கொட்டக்கூடியதையும் சேர்க்கலாம், கடைசியில் பக்கத்துக் கடைப் பெட்டியில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு பூஜ்யத்தையும் ஒட்டலாம். எந்தச் சோதனைக்கூடமும் திரும்ப அளந்து காட்ட முடியாத எண் என்பதே பி.எம்.பி.ஓ.வின் தனிச்சிறப்பு.

இதில் தங்களுக்கு நேரடியாகவே ஒரு சிக்கல் இருக்கிறது. மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையை மத்திய அரசு 2012ல் கொண்டுவந்தபோது, பதிவு செய்யும் வேலை தங்களிடம் வந்தது. அந்தப் பட்டியலில் '2000 வாட்டும் அதற்கு மேலும் உள்ளீட்டுத் திறன் கொண்ட ஆம்ப்ளிஃபையர்கள்' இடம்பெற்றன. 10,000 வாட் வெளியே வர வேண்டுமென்றால் குறைந்தது அவ்வளவாவது உள்ளே போயாக வேண்டும். எனவே அப்படி அச்சிட்ட ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் வாசலில் பதிவுக்கு வரிசையில் நின்றிருக்க வேண்டும். வராதவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: பெட்டியின் முன்பக்கம் பொய்யா, அல்லது பதிவு செய்யாமல் விற்கிறீர்களா? இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் அலுவலகத்தில் ஒரு கோப்பு திறக்கலாம்.

தயாரிப்பாளர் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை மறைக்கக் கூடாது. முதுகுத் தகட்டில் இருக்கும் வாட், ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் ஓடும்போது அளந்ததல்ல. ஐ.எஸ். 616 போன்ற பாதுகாப்புத் தர முறையில், சிதையாத முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கில் ஓடவிட்டு அளந்தது. சாதாரணப் பாட்டு சராசரியாக அவ்வளவுதான் கேட்கும் என்பது கணக்கு. ஆகவே முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சரி, தாராளமாகவே கணக்குப் போடுவோம். உள்ளே போகும் 60 வாட்டில் ஒரு துளிகூட வெப்பமாகாமல் முழுதும் ஒலித்திறனாகவே மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், எட்டால் பெருக்கினால் 480. இதுதான் உச்சவரம்பு. வெப்பத் தகடு சுடுவதைத் தொட்டுப் பார்த்தவருக்கு உண்மையான எண் இதிலும் வெகுவாகக் குறைவு என்று தெரியும்.

இன்னொரு மறுப்பு, இசை என்பது சைன் அலை அல்ல என்பது. தவில் அடி ஒரு நொடியின் சிறு துணுக்கு. அந்தத் துணுக்குக்கு வேண்டிய கூடுதல் திறனை ஆம்ப்ளிஃபையர் தந்தால் அதைச் சொல்லிக்கொள்ளக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம், அளக்க முறையும் இருக்கிறது: 20 மில்லி விநாடி ஓசையைச் செலுத்தி, தொடர் திறனைவிட எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலான கருவிகளில் அது 3 டெசிபெல்லைத் தாண்டுவதில்லை, அதாவது இரண்டு மடங்கு. நாற்பது வாட் எண்பதாகும், நாலாயிரம் ஆகாது.

பி.எம்.பி.ஓ.வைக் கேலி செய்வது எளிது, அதனால் அது பெரிய ஆபத்துமல்ல. விவரம் தெரிந்தவர்கள் அதைத் தாண்டி 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட பெட்டியைத் தேடுகிறார்கள். உண்மையான வித்தை அங்கேதான் நடக்கிறது. '100 வாட் ஆர்.எம்.எஸ்.' என்பது நேர்மையான முகத்தோடு நிற்கும் அரைகுறை வாக்கியம். எத்தனை ஓம் ஸ்பீக்கரில்? எட்டு ஓமில் 50 தரும் கருவி, மின்வழங்கி தாங்கினால், நான்கு ஓமில் ஏறக்குறைய 100 தரும். எந்த அதிர்வெண்ணில்? 1000 ஹெர்ட்ஸில் மட்டும் அளந்தால் எண் அழகாக வரும், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்றால் சுருங்கும். எத்தனை சானல் ஒரே நேரத்தில் பாடும்போது? ஒன்றை மட்டும் ஓட்டி அளந்து ஆறால் பெருக்குவது '5.1' பெட்டிகளின் குலவழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு சிதைவில்? 10 சதவீதச் சிதைவில் அளந்தால் 1 சதவீதத்தில் கிடைப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாகக் காட்டலாம். ஆனால் அந்த நிலையில் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். பாடகரின் குரல் கரகரக்கும், ட்வீட்டர் கருகவும் கூடும். மலிவான ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.களின் தகவல் ஏட்டில்கூட 10 சதவீதம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஐ.சி. செய்தவரின் நேர்மை, அட்டைப்பெட்டி அச்சடிக்கும் இடத்தில் காணாமல் போகிறது. நிபந்தனை இல்லாத எண்ணை எவரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அதனால்தான் அது எல்லோருக்கும் பிடிக்கிறது.

வாட்டைப் பிடித்துக்கொண்டு ஏன் இந்தக் கூச்சல், சத்தத்துக்கு வாட் முக்கியமே இல்லையே என்று ஒலி வல்லுநர்கள் கேட்பார்கள். உண்மைதான். திறனை இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரே வாட்டில் 84 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை விட்டுவிட்டு 90 தரும் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிஃபையரை நான்கு மடங்கு பெரிதாக்கிய பலன் கிடைக்கும். நடுத்தர அளவுக் கூடத்துக்கு இருபது முப்பது நேர்மையான வாட் தாராளம். ஆனால் இதை வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வார்? முப்பது வாட்டை முப்பது என்றே அச்சிடும் தயாரிப்பாளரின் பெட்டி, பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் நோஞ்சானாக நிற்கிறது. வாட் பொய்யாக இருக்கும்வரை மற்ற எந்த விவரத்தையும் அச்சிட அவருக்குக் காரணமே இல்லை.

சந்தையில் இதையெல்லாம் கட்டுப்படுத்த முடியுமா என்று கையை விரிக்க வேண்டாம். இதே வாட் வெறி பிடித்திருந்த அமெரிக்காவில், கூட்டரசு வணிக ஆணையம் 1974லேயே விதி வகுத்தது: வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு வாட் சொன்னால் ஓம், அதிர்வெண் எல்லை, சிதைவு ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிபந்தனைகளைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம் என்ற ஓட்டை மட்டும் இருந்தது. அதையும் 2024ல் அடைத்தார்கள்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், சிதைவு 1 சதவீதத்துக்குள். அளக்கும் முறைக்கு ஐ.இ.சி. 60268-3 என்ற பன்னாட்டுத் தரமும் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எனவே நன்றியோடு ஒரு விண்ணப்பம். பெட்டியின் முன்பக்கம் வாட் என்ற சொல் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் ஓம், அதிர்வெண் எல்லை, சிதைவு, ஒரே நேரத்தில் ஓடிய சானல்கள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகளைத் தடை செய்யுங்கள். அதுவரை, ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியைத் திருப்பி முதுகுத் தகட்டைப் படியுங்கள். அங்குள்ள எண்ணை எட்டால் பெருக்கினாலும் முன்பக்க எண் அதைத் தாண்டிப் போனால், அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆற்றல் அழியா விதியை இன்னும் நம்பும் ஒரு நுகர்வோர்.