கருநாவல்பற்றில் விழுந்த கல்

கே: எங்கள் பக்கத்தில் எப்போதாவது விண்கல் விழுந்திருக்கிறதா?
(உயர்தர மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

ப: ஆனையிறவு தாண்டிக் கொஞ்சத் தூரம் போங்கள், தம்பி. 1795 ஏப்ரல் 13ஆம் திகதி முல்லைத்தீவுப் பக்கம் கருநாவல்பற்றில் கற்கள் விழுந்தன. இங்கே ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசி மாதங்கள் அவை. வானத்திலிருந்து கல் வரும் என்று சிலாட்னி என்ற ஜெர்மானியர் அதற்கு முந்திய ஆண்டுதான் புத்தகம் எழுதியிருந்தார். படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். 1802இல் லண்டனில் எட்வர்ட் ஹோவர்ட், 1798இல் காசியருகே விழுந்த கல்லையும் வேறு நாட்டுக் கற்களையும் பகுத்து, எல்லாவற்றிலும் நிக்கல் இருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டு பிரான்சின் லேகிள் ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் கொட்டிய பிறகே சிரிப்பு அடங்கியது. வன்னிச் சனம் கண்ணால் கண்டதை ஐரோப்பா ஒத்துக்கொள்ள எட்டு வருடம் பிடித்தது!

கே: அந்தக் கல்லில் தங்கம் கிங்கம் உண்டா?
(நகைத் தொழிலாளி, கஸ்தூரியார் வீதி)

ப: உண்டு, கோடியில் ஒன்றிரண்டு பங்கு. உருக்கிப் பார்க்க நினைக்காதீர்கள்! முல்லைத்தீவுக் கல், கொன்றைற்று என்ற விண்கல் வகையில் ‘எல்’ பிரிவு, அதாவது இரும்பு குறைந்த இனம். அதில் அதிகம் இருப்பவை ஒலிவைன், பைரொக்சீன் என்ற கனிமங்கள். தெளிந்த ஒலிவைனைத்தான் உங்கள் தொழிலில் பெரிடொற் என்று பச்சைக் கல்லாகப் பதிக்கிறீர்கள். கூடவே கொஞ்சம் பெல்ட்சுபார், ரொயிலைற்று என்ற இரும்புச் சல்பைட்டு, நிக்கல் கலந்த இரும்புத் துகள்கள். இதன் பெறுமதி வயதில் இருக்கிறது: ஏறக்குறைய 456 கோடி ஆண்டு. பூமியின் எந்தப் பாறைக்கும் அந்த வயது இல்லை.

கே: பொலன்னறுவையில் 2012இல் கிடைத்த கல்லில் வேற்றுலக உயிர் இருந்ததாமே?
(ஆசிரியை, கொக்குவில்)

ப: அப்படிச் சொன்னவர் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க. விண்கல் அறிஞர்கள் ஏற்கவில்லை. எந்தக் கல்லையும் முதலில் கனிமங்களை வைத்துத்தான் எடை போடவேண்டும். அது விண்கல் என்றே நிறுவப்படாதபோது உயிரைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

கே: தோட்டம் கொத்தும்போது கறுத்த, பாரமான கல் ஒன்று வந்தது. விண்கல்லாக இருக்குமா?
(விவசாயி, திருநெல்வேலி)

ப: குடாநாட்டின் அடியில் இருப்பது வெள்ளைச் சுண்ணக்கல், மேலே செம்மண். ஆகவே கறுத்த கல் என்றால் அது வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் வானத்திலிருந்து என்பதைவிட றோட்டுக்குப் பறித்த கருங்கல், கொல்லன் பட்டறைக் கிட்டம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். உற்றுப் பாருங்கள். குமிழித் துளைகள் நிறைய இருந்தால் கிட்டம். விண்கல்லென்றால் வெளியே மெல்லிய கரிய தோல் இருக்கும்; அதிவேகத்தில் வரும்போது முன்னால் அமுங்கிய காற்றின் சூட்டில் உருகியதால் வந்தது அது. ஓரம் உடைந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரியும், அதற்குள் இரும்புப் பொட்டுகள் மினுங்கும். சிலவற்றில் கடுகளவு உருண்டைகளும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் பெருநாழியில் 1857இல் விழுந்த கல், சுமார் 77 கிலோ, அந்த உருண்டைகளுக்காகவே உலகப் பெயர் பெற்றது.

காந்தம் மட்டும் வைக்காதீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல் காத்துவந்த காந்தப் பதிவு ஒரு நொடியில் அழிந்துவிடும். கழுவவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். கிடந்த இடத்தைப் படமெடுத்து, கல்லை ஈரம் படாமல் பொதிந்து, பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கிறது, சைக்கிளில் போய்வரலாம்.