நூறு மீட்டர் நிபுணர்

இலங்கையின் தென்கரை மிரிஸ்ஸவில் திமிங்கில நிபுணர் ஆவதற்கு ஒரு டீ சேர்ட்டும் ஒரு மைக்கும் போதும். சேர்ட்டின் முதுகில் ‘நேச்சுரலிஸ்ட்’ என்று அச்சடித்தாயிற்றா, படிப்பு முடிந்தது. கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் முதுகலை. உண்மையாகவே படித்தவர்களும் திமிங்கிலம் காட்டும் படகுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பாடுதான் பெரும்பாடு, அதற்கு வருகிறேன்.

துறைமுக வாசலில் இருக்கும் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். காலை உணவு, உயிர்காப்பு அங்கி, நிபுணர் வழிகாட்டல், எல்லாம் ஒரே கட்டணத்துக்குள். அறிவுக்கு இந்த நாட்டில் எந்த இடம் என்று கேட்பவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது: பாண் துண்டுக்கும் அங்கிக்கும் அடுத்த இடம். சில பலகைகளில் கீழே இன்னொரு வரியும் உண்டு. திமிங்கிலம் தென்படாவிட்டால் மறுநாள் இலவசமாக வரலாம். அந்த ஒரு வரியை வாசித்தாலே போதும், நடுக்கடலில் நடக்கும் அவ்வளவும் விளங்கிவிடும். மறுநாள் இலவசம் என்றால் மறுநாள் டீசல் படகுக்காரன் தலையில். ஆகவே திமிங்கிலம் தென்பட்டே தீரவேண்டும், அதற்கு இஷ்டமோ இல்லையோ.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். விடியற்காலையில் புறப்படுகிறார்கள். தூரத்தில் ஒரு மூச்சு மேலெழும். ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு. உடனே படகுக்குப் படகு தகவல் பறக்கும். மூலைக்கொன்றாகச் சிதறி நின்ற எஞ்சின்கள் எல்லாம் அந்த ஒரு மூச்சை நோக்கித் திரும்பும். நீலத் திமிங்கிலம் மேலே வருவது சில தடவை மூச்செடுக்க. பிறகு பத்து நிமிடம் போல ஆழத்தில் இரை தேடும். மூச்செடுக்கும் இடத்தில் நாலு பக்கமும் படகு நின்றால் அது என்ன செய்யும்? எடுத்தது போதுமென்று வாலைத் தூக்கி மூழ்கும். அந்த வால்தான் சரக்கு. வால் எழுந்ததும் படகில் கைதட்டல், விசில், நிபுணரின் மைக்கில் ஆனந்தக் கூச்சல். தன்னை வெறுத்து ஒருவர் முதுகு காட்டிப் போவதற்குக் காசு கொடுத்துக் கைதட்டும் தொழில் வேறெங்காவது உண்டா? எங்கள் மேடைப் பேச்சாளர்கள்கூட இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2012இல் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி போட்டார்கள்: திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக்கூடாது. நிபுணர் இந்த விதியை மனப்பாடமாக ஒப்புவிப்பார். கடல்வாழ் உயிரினங்களை மதிக்கவேண்டும் என்று வலது கையில் மைக்கை வைத்துக்கொண்டு உருக்கமாகச் சொல்வார். இடது கை சுக்கான் பக்கம் திரும்பி, “இன்னும் கொஞ்சம் முன்னுக்கு எடு” என்று சைகை காட்டும். வலது கைக்குச் சம்பளம், இடது கைக்கு டிப்ஸ்.

படித்தவரின் பாடு இதுதான். நூறு மீட்டர் என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். துரத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த விலங்கின் ஒரு வேளைச் சாப்பாட்டில் கைவைக்கிறோம் என்பதும் தெரியும். நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் மட்டும் இல்லை. சொன்னால் அடுத்த வாரம் அந்தச் சேர்ட்டை வேறொருவர் போட்டிருப்பார். ரசத்தில் கறிவேப்பிலை அவர். மணத்துக்குப் போட்டு, இலையோரம் ஒதுக்குவார்கள். படகுக்காரனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிப் படகு எடுத்து, 2022இல் டீசல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது தானும் நின்றவன் அவன். பத்து மணிநேரம் பறந்து வந்து, ‘என் கமராவுக்குள் வால் முழுதாக விழவில்லை’ என்று முகம் சுளிக்கும் இயற்கை நேசர்களைத் திட்ட மட்டும் எனக்கு எந்தத் தடையும் இல்லை.

நிபுணரிடம் இன்னொரு வித்தை உண்டு. குற்ற உணர்வு தலைதூக்கும்போது தொடுவானத்தைக் காட்டுவார். அங்கே கொள்கலன் கப்பல் ஒன்று மலைபோலப் போகும். “உண்மையான ஆபத்து அதுதான்” என்பார். அவர் சொல்வது உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல். உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று தேவேந்திரமுனையை உரசிக்கொண்டு, திமிங்கிலம் மேயும் அதே நீரில் போகிறது. ஒழுங்குவிதி போட்ட அதே 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் தன் மூக்கில் செத்த நீலத் திமிங்கிலத்தைச் சுமந்தபடி வந்து நின்றது. அந்தத் திமிங்கிலத்திடம் யாரும் 100 மீட்டர் விதியை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

நீலத் திமிங்கிலம் குளிர்க்கடலில் தின்னும், வெப்பக்கடலில் குட்டி ஈனும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 2003இல், கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் ஆய்வுக் கப்பலொன்றிலிருந்து இந்தக் கடலில் திமிங்கில மலம் மிதப்பதைப் பார்த்தார். இங்கே கழிக்கிறது என்றால் இங்கேயே தின்கிறது. நிபுணத்துவம் என்றால் அது. அந்தக் கப்பல் பாதையைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள். கப்பல் துறையினரே தள்ளச் சொல்லிக் கேட்டார்கள். முதலாளி கட்டுப்பாடு கேட்க, அரசு யோசிக்கலாம் என்று சொன்ன அதிசயத்தை இலங்கை உலகுக்குக் காட்டியது. கடைசியில் 2022இல் எம்எஸ்சி கப்பல் கம்பனி தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே திருப்பியது. பல்கலைக்கழகத்தால் அசைக்க முடியாததை ஒரு கம்பனியின் தலைமையகம் அசைத்தது.

திருகோணமலையையும் சொல்லாமல் விட முடியாது. கோணேசர் மலைக்குக் கீழேயே கடல் ஆழமாகிவிடுவதால் அங்கு திமிங்கிலம் கரைக்கருகே வரும். போர்க்காலத்தில் அதே கடலில் வலை போட எங்கள் ஆட்கள் கடற்படையிடம் பாஸுக்கு நின்றார்கள். போர் முடிந்ததும் கடற்படையே டிக்கெட் வெட்டித் திமிங்கிலம் காட்டியது.

1979இலேயே இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயம் என்று அறிவித்துவிட்ட உலகம் இது. அறிவிப்புகளுக்கு இங்கே பஞ்சமில்லை, ஆகவே அமைச்சுக்கு நானும் ஒரு வரைவை அனுப்புகிறேன். இனிமேல் திமிங்கிலங்களே படகிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். வால் தூக்குமுன் படகுகள் வரிசைக்கு வரும்வரை பொறுக்கவேண்டும். கப்பல் தெற்கே போவது சிரமமென்றால் திமிங்கிலம் 15 கடல்மைல் வடக்கே வரட்டும். அங்கே கடல் இல்லை, மாத்தறை மாவட்டத்தின் வயல்கள் இருக்கின்றன, ஆனாலும் அது அதன் பிரச்சினை. மீறும் திமிங்கிலத்தின் பெயரை நிபுணர் குறித்துக்கொண்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு மும்மொழியிலும், மூன்று பிரதிகளில், அறிக்கை தரவேண்டும்.