ஏற்றத்தில் நிற்றல் என்னும் வித்தை

ஆராயத் தகாத விஷயம் என்று உலகில் ஒன்றும் கிடையாது என்பது அறிஞர்கள் தங்களுக்குள் எழுதாமல் செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தம். கொசுவின் சிறகைப் பற்றியும், பழைய கல்வெட்டில் இல்லாத ஒரு புள்ளியைப் பற்றியும் நூல்கள் இருக்க, டிசம்பர் மாதக் குளிரில் கூட்டமாகச் சைக்கிளில் நீலகிரிக்கு ஏறுவதென்று சங்கற்பம் செய்துகொண்டு, அதன் பொருட்டு மாதக்கணக்கில் விடியற்காலைகளில் சென்னை மாநகரில் மலை தேடி அலையும் கனவான்களைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு சிறு சாஸ்திரமேனும் செய்யாமல் விட்டது என்ன நியாயமோ தெரியவில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்தப் பிரயத்தனம்.

சாஸ்திரம் எழுதப் புகுகிறவன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. விஷயம், ஊருக்கு அண்மையிலுள்ள குன்றுகளில் செய்யும் சைக்கிள் பயிற்சி. பிரயோஜனம், நெடுந்தூரக் கூட்டுச் சவாரியில் மானத்தோடு பிழைத்திருத்தல். சம்பந்தம், முன்னதால் பின்னது கைகூடும் என்னும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நமது கேள்வி. அதிகாரி யாரென்றால், காலை ஐந்து மணிக்கு முன் எழுந்து, தொடையை இறுக்கிப் பிடிக்கும் கால்சட்டையை அணிந்து, தம்மைப் பற்றித் தெருநாய்கள் கொண்டுள்ள அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தாமல் புறப்படக்கூடியவர் எவரோ அவர்.

சென்னைக்குக் கடல் உண்டு. நதி என்று பெயரளவில் இரண்டு உண்டு. மலை என்று சொல்லத் தகுந்தது பரங்கிமலை ஒன்றுதான். சுமார் 300 அடி உயரம். உச்சியில் போர்ச்சுகீசியர் 1523ஆம் வருஷத்தில் கட்டிய தேவாலயம். வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் 1802ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இந்தியா முழுவதையும் அளக்கப் போகும் மாபெரும் நிலஅளவையைத் தொடங்கியதும் இதன் அடியிலேதான். ஆனால் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தது குன்றையன்று, அதன் அருகிலிருந்து தெற்கு நோக்கி ஏழரை மைல் தூரம் மேடுபள்ளமின்றிக் கிடந்த சமதரையை என்பதை நமது ஆராய்ச்சி கவனிக்காமல் செல்ல இயலாது. எந்தத் தட்டைத் தரையை அவர் தமது சாஸ்திரத்துக்குப் பெரும் வரமென்று கொண்டாடினாரோ, அந்தத் தரைதான் இரண்டு நூற்றாண்டுக்குப் பின் சைக்கிள் கனவான்களுக்குச் சாபமாக வாய்த்திருக்கிறது.

ஆகவே அவர்கள் மேம்பாலங்களை நாடினார்கள். 1973ஆம் வருஷம் ஜெமினி வட்டத்தில் அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டபோது, இதனால் நெரிசல் தீரும் என்று மகிழ்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நெரிசலே இல்லாத வேளையாகப் பார்த்துச் சிலர் மூச்சு வாங்க ஏறி, இறங்கி, கீழே வளைந்து திரும்பவும் ஏறுவார்கள் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். அந்நேரத்தில் பாலத்தடியில் படுத்திருப்பவர்கள் ஒரே ஆளை நாலாவது தடவையாகப் பார்க்கும்போது, வழி தவறியவர் என்று இரங்கி, தேனாம்பேட்டைக்கு வழி சொல்வதும் உண்டு.

இந்தப் பயிற்சியின் பலன் எவ்வளவு என்பதைக் கணிதத்தால் நிரூபிக்கலாம். ஆளும் சைக்கிளுமாகச் சேர்ந்து 80 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அதை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஏறக்குறைய 190 கிலோகலோரி வேண்டும். மனித தேகம் உண்டதில் கால் பங்கைத்தான் காலுக்குக் கொடுத்து, மற்றதை வியர்வையாகவும் வெப்பமாகவும் விரயம் செய்யும் சுபாவமுடையதாகையால், செலவு 750 கிலோகலோரிக்கு வந்துவிடும். பதினைந்து இட்லியைச் சட்னி இல்லாமல் தின்றால் ஏறக்குறைய இது கிடைக்கும். இதே 1000 மீட்டரைப் பரங்கிமலையில் ஏறித் தீர்க்க வேண்டுமானால், அதன் 300 அடியையும் முழுசாகக் கணக்கில் சேர்த்தாலும் பதினோரு தடவை ஏற வேண்டும். மேம்பாலத்தின் உயரம் எட்டு மீட்டர் என்று தாராளமாகவே கொண்டாலும் 125 தடவை ஏற வேண்டும். அப்படி ஏறுகிற ஒருவர் நூறாவது தடவைக்கு முன்பே போலீஸ்காரரின் விசாரணைக்கு ஆளாவார் என்பது அனுமானப் பிரமாணம்.

இதைவிட நல்ல ஏற்றம் வேண்டுவோர் கொஞ்சம் தூரம் செல்ல வேண்டும். திருத்தணியில் 365 படியேறிப் போகும் பக்தர்களுக்குப் பக்கவாட்டில் வண்டிப் பாதையும் இருக்கிறது. குன்றுகளைத் தமக்கென்று தெரிந்தெடுத்துக்கொண்ட முருகப் பெருமான் சைக்கிள்காரர்களையும் மனத்தில் வைத்தே அவ்வாறு செய்தார் என்று கொள்வதில் பாபம் ஒன்றும் இல்லை. ஜோலார்பேட்டைக்கு அருகில் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மேலே கிராமங்கள் இருக்குமிடம் 1000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். இவ்வளவையும் முடித்தவர் போய் நிற்க வேண்டிய இடம், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதை. அதில் முப்பத்தாறு வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ஆம் வருஷம் ரயில் விட்ட எஞ்சினியர்கள், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்று வந்தவுடனே சாதாரணச் சக்கரத்தை நம்பக்கூடாதென்று தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் பதித்து, எஞ்சினுக்குப் பற்சக்கரம் பூட்டினார்கள். கல்லட்டியில் பல இடங்கள் அதைக் காட்டிலும் செங்குத்து. அங்கே சைக்கிள்காரர் தம் சொந்தப் பல்லைத்தான் கடித்துக்கொள்ள வேண்டும். 2008ஆம் வருஷத்தில் தொடங்கிய நீலகிரிச் சைக்கிள் பயணத்தில் கலந்துகொண்டவர்கள் கல்லட்டி என்ற பெயரை உச்சரிக்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

இனித் தத்துவத்துக்கு வருவோம். சமதரையில் கூட்டமாகச் செல்கிறவர்களுக்குள் நிலவும் ஒற்றுமை, நற்குணத்தால் வந்ததன்று, காற்றால் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருடைய உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னே ஒருவர் முதுகைக் கொடுத்துப் போனால் பின்னால் வருகிறவருக்குக் கால் பங்கு சிரமமாவது மிச்சம். ஆகையினால் வல்லவனும் மெல்லவனும், மானேஜரும் குமாஸ்தாவும், பேசாத சம்பந்திகளும்கூட மாமல்லபுரம் வரையில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். ஏற்றத்தில் வேகம் ஏழரை கிலோமீட்டருக்கு இறங்கியதும் காற்றின் எதிர்ப்பு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எவர் முதுகும் எவருக்கும் உபயோகமில்லை. பூமியின் ஈர்ப்போ ஒவ்வொருவரையும் அவரவர் எடைக்குத் தகுந்தபடி தனித்தனியே விசாரிக்கிறது. முதல் வளைவில் பன்னிரண்டு பேராக நுழைந்த கூட்டம் மூன்றாம் வளைவுக்குள் பன்னிரண்டு தனி மனிதர்களாகப் பிரிந்துபோவதன் காரணம் இதுவே.

ஆகவே உள்ளூர்க் குன்றுகளில் காலுக்குக் கிடைக்கும் பயிற்சி அற்பம். அங்கே கற்க வேண்டிய வித்தைகள் இரண்டு: களைத்தவன் என்று தோன்றாதபடி நிற்றல், காத்திருந்தவன் என்று தோன்றாதபடி காத்திருத்தல். இதுவே எமது சித்தாந்தம்.

முதல் வித்தையில் ஏலகிரி தனிச்சிறப்பு வாய்ந்தது. அதன் வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். மூச்சிரைத்து நிற்கிறவர் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்யலாம். தமிழ்ப்பற்றில் எவரும் குறை காண முடியாது. பாரியின் வளைவில் ஒரு கனவான் நின்ற விதம் என் கண்ணுக்குள் இருக்கிறது. சைக்கிளை மெல்லச் சுவரில் சாய்த்தார். குனிந்தார். பின்சக்கரத்தின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். சற்றுத் தள்ளி மறுபடியும் அழுத்தினார். பிறகு செயினைத் தொட்டுப் பெடலை ஒரு சுற்றுப் பின்னோக்கிச் சுழற்றி, காதைக் கொடுத்துக் கேட்டார். செயினில் ஒரு குற்றமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எண்ணெய்க் கரி ஏறிய இரண்டு விரலையும் நெற்றிவேர்வையில் துடைத்துக்கொண்டதால் புருவத்துக்கு மேல் கறுப்பாக ஒரு திருநாமம் விழுந்தது. கடந்துபோன இளைஞன், "என்ன சார், பிரச்சினையா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல ப்ரோ, கியர்ல ஒரு சத்தம். நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்றார். அப்பதிலை அவர் இரண்டு தவணையாகவே சொல்ல முடிந்தது. நடுவில் ஒரு மூச்சு தேவைப்பட்டது. பாரி முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து போனதற்கும் இது போன்ற ஓர் ஏற்றமே காரணமாக இருந்திருக்குமோ என்று எனக்கு அன்று தோன்றியது. பறம்பும் மலைதானே. புலவர்கள் இதை மறைத்துவிட்டார்கள்.

யந்திரக் காரணம் இப்படி என்றால், இயற்கைக் காரணம் போட்டோ எடுப்பது; அதைப் பனிமூட்ட நாளில் சொல்லக்கூடாது. ஆபீஸிலிருந்து போன் என்பது ஞாயிறு காலை ஆறு மணிக்கு எடுபடாது. எல்லாவற்றிலும் உத்தமமானது பரோபகாரக் காரணம்: "பின்னால வர்றவருக்காக நிக்கறேன்" என்பது. நிற்பதோடு புண்ணியமும் சேர்கிறது. பின்னால் ஒருவரும் இல்லாதவர் மட்டும் இதைச் சொல்ல வழியில்லாமல் தவிக்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருந்தே தீர வேண்டியிருப்பது சிருஷ்டியின் குறை.

இரண்டாம் வித்தை இதனினும் கடினம். மேலே முதலில் சேர்ந்தவர்கள், கடைசியாக வருகிறவரைக் கண்டதும், "இப்பத்தான் வந்தோம்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். காலியான டீ கிளாஸ்களும், ஈ மொய்க்கும் வாழைப்பழத் தோல்களும், வேர்வை உலர்ந்து அவர்கள் சட்டையில் வெள்ளைக் கோடுகளாகப் பூத்திருக்கும் உப்பும் அச்சொல்லைப் பொய்யாக்கும். பொய் மன்னிக்கத் தக்கது. மன்னிக்கத் தகாதது, அதற்கு அடுத்து நடப்பது. அவர் வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிய அதே நொடியில், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று தலைவர் எழுந்துவிடுகிறார். அரை மணி நேர இளைப்பாறுதல் யாருக்குத் தேவையே இல்லையோ அவர்களுக்கெல்லாம் கிடைத்து, யாருக்கு உயிர்நாடியோ அவர் ஒருவருக்கு மட்டும் இல்லாமற்போகிறது. இது எங்கேயோ நடந்த அநியாயமன்று. கூட்டுச் சவாரியின் நித்திய நியதி.

"கியர்களைப் பெருக்கிக்கொண்டால் இந்த விவகாரமெல்லாம் எதற்கு?" என்று பூர்வபட்சம் கிளம்பலாம். பிரான்ஸ் தேசத்துப் பந்தயத்தை 1910ஆம் வருஷத்தில் முதன்முதலாகப் பிரனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்களுக்குக் கொண்டுபோனபோது கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை; சில இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறிய லாப்பீஸ் என்னும் வீரர், அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று வாயாரத் திட்டிவிட்டு, கடைசியில் அந்தப் பந்தயத்தை ஜெயிக்கவும் செய்தார். 1937இல்தான் கருவிக்கு இடம் கொடுத்தார்கள். அதற்குப் பின் மலையில் கூட்டம் சிதறாமல் போயிற்றா? இல்லை. கியர் எல்லோருக்கும் பொது. ஆகையால் பழைய இடைவெளி அப்படியே இருக்கிறது, சற்று வேகமாக நகர்கிறது. பூர்வபட்சம் நிராகரிக்கப்பட்டது.

எனினும் நமது சித்தாந்தத்துக்கு உண்மையான ஆட்சேபம் ஒன்று மேம்பாலத்திலேயே எதிர்ப்பட்டது. கியர் என்ற பேச்சே இல்லாத பழைய சைக்கிளில், பின்னால் ஒன்றும் பக்கங்களில் ஒவ்வொன்றுமாக இருபது லிட்டர்த் தண்ணீர் கேன்கள் மூன்றைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான். பாதி ஏற்றம் வரை எழுந்து நின்று மிதித்தான். அதற்குமேல் முடியவில்லை, இறங்கினான், ஹேண்டில்பாரை ஒரு கையாலும் சீட்டை ஒரு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். டயரை அழுத்திப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, எவரிடமும் ஒரு காரணமும் சொல்லவில்லை. பயிற்சிக் கனவான்களில் இருவர் அவனைக் கண்டதும் தங்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த நாடித்துடிப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டார்கள். அவனை எந்தப் பகுப்பில் சேர்ப்பதென்று யோசித்துப் பார்த்ததில், அவன் கூலிக்கு ஏறுகிறவனாகையால் இந்தச் சாஸ்திரத்துக்கு அதிகாரி அல்லன் என்று ஒதுக்கிவிடுவதே ஆராய்ச்சிக்குச் சௌகரியமாக இருக்கிறது. பெரிய பெரிய சாஸ்திரங்களிலும் இதையே செய்திருக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது பரிகாரம். கடைசியாக வருகிறவருக்கு இளைப்பாற நேரம் கிடைக்கச் செய்வது எப்படி? உபதேசத்தால் நடவாது, நாகரிகத்தை நம்பியும் பயனில்லை. என் சிபாரிசு இது: டீக்கும் பழத்துக்குமான கூட்டத்தின் பொதுப்பணம் முழுவதையும், பரங்கிமலையிலேயே பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்த அந்தக் கடைசி ஆளின் பையில் போட்டு அனுப்ப வேண்டும். முன்னால் ஏறிய சூரர்கள் குடித்த டீக்குக் காசு கொடுக்காமல் கடையை விட்டு நகர முடியாது. அவர் வருவார், உட்காருவார், தமக்கொரு டீ சொல்லுவார், ஸ்ட்ராங்காக, புதிதாகப் போடச் சொல்லி, ஆற்றி, ஊதி, நிதானமாகக் குடித்து முடித்த பிறகே பையின் ஜிப்பைத் திறப்பார். போனிலேயே பணம் அனுப்பும் இந்நாளில் இந்த ஏற்பாடு பலிக்குமா என்று ஐயுறுவோர், சிக்னல் எட்டாத கடையாகப் பார்த்து நிற்பது நலம். கல்லட்டிப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை.