பூஜ்யமா, ஓவா? புளியங்குடி மின்னஞ்சலியல்: ஒரு முன்னுரை

மின்னஞ்சல் எனப்படுவது, "மெயில் போட்டிருக்கேன், பாத்தீங்களா?" என்று போன் செய்த பிறகே போய்ச் சேரும் கடிதம் (டீக்கடை பெஞ்சு வாய்மொழி மரபு, முதல் டம்ளர்). புளியங்குடி எலுமிச்சை மண்டியில் இதை மறுப்பார் இல்லை.

தோற்றம் பற்றித்தான் தகராறு. 1971இல் ரே டாம்லின்சன், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வழியாக மடல் அனுப்பினார். அனுப்பிய கணினியும் வாங்கிய கணினியும் ஒரே அறையில் இருந்தன. ஆள் பெயருக்கும் கணினிப் பெயருக்கும் நடுவே 'அட்' குறியை நட்டவர் அவரே. 1978இல் நியூஜெர்சியில், 14 வயதில், 'ஈமெயில்' என்ற நிரலை எழுதிய வி.ஏ. சிவா அய்யாதுரை, 1982இல் அதற்குப் பதிப்புரிமை பெற்று, கண்டுபிடித்தவன் தானே என்கிறார். கணினி வரலாற்றாசிரியர்கள் ஒப்புவதில்லை. ஆனால் அவர் தாத்தா பாட்டி ஊர் ராஜபாளையம் பக்கத்து முகவூர். புளியங்குடியில் வடக்கே பஸ் ஏறினால் எட்டிவிடலாம். கருத்தரங்கில் தீராத வழக்கு, பக்கத்து சீட்டுக்காரர் முகவூராக இருந்தால் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். அதே 1978 மே மாதம்தான் ஏறக்குறைய 400 பேருக்கு முதல் விளம்பர மடல் போனது. அந்தப் பெருமைக்குப் போட்டியே இல்லை.

நன்மை: இலவசம். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் ஒரு ஜிபி இடம் தருவதாகச் சொன்னபோது பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள்.

தீமை: ரிப்ளை ஆல்.

இனி முக்கியமான பகுதி. மகளின் விண்ணப்பத்தோடு பிரௌசிங் சென்டருக்கு வரும் அக்காவிடம், "ஈமெயில் இருக்காக்கா?" என்பார் கடைத்தம்பி. "எங்கிட்ட ஏதுய்யா அதெல்லாம்?" இரண்டே நிமிடத்தில் ஒன்று பிறக்கும். "பாஸ்வேர்ட மறந்துராதீங்க." "நீயே எழுதி வச்சுக்கோய்யா." அப்படி ஊரின் பாதி ரகசியங்கள் ஒரு பழைய நோட்டில் உறங்குகின்றன.

ஹால் டிக்கெட் வரும் நாளில் சுவடியியல் தொடங்குகிறது. பாஸ்வேர்டின் கடைசி எழுத்து பூஜ்யமா, ஓவா? பூஜ்யம் என்பது முதல் உரைகாரர் துணிபு. இரண்டாமவர் ஓ என்பார் (நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டு, கிழிந்த அட்டைப் பிரதி, பக்கம் 37, எலுமிச்சைச் சாறு பட்டு மங்கிய வரி, மேலும் காண்க: தம்பியின் தங்கை கையெழுத்து, ஒப்பீட்டுப் பட்டியல், சிவப்பு மை). அது எழுத்தே அல்ல, டம்ளர் பதிந்த வட்டம் என்பது மூன்றாம் கட்சி. தொடர்ந்து தவறினால் பெட்டி பூட்டிக்கொள்ளும். நான்காம் பாடபேதத்துக்கு வழியில்லை. தமிழாய்வு உலகில் இந்த ஏற்பாடு இல்லாதது பெருங்குறை.

பிறகு 'ஃபர்காட் பாஸ்வேர்டு'. ஓடிபி, அக்காவின் மகன் போனுக்குப் போகும். அவரோ எலுமிச்சை லோடோடு செங்கோட்டை தாண்டி, டவர் கிடைக்காத மலைப்பாதையில் கேரளாவுக்கு இறங்கிக்கொண்டிருப்பார்.