ஏழரை கிலோ ஒல்லி

எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் ஒரு சார் இருக்கிறார். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்க்கும் பூனையின் பெயர் ஒல்லி. பெரம்பூர்த் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு மழை ராத்திரியில், ஸ்கூட்டருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி வந்தாராம். அப்போது அது ஒரு காபி டம்ளருக்குள் அடங்கியிருக்கும். அன்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உடம்புதான் நிலைக்கவில்லை.

வீட்டுப் பூனைக்கு 4 கிலோ, மிஞ்சினால் 5 கிலோ. ஒல்லி ஏழரை. இதைச் சாரிடம் சொல்லிவிட முடியாது. குண்டுப் பூனை வளர்ப்பவர்களிடம் தயார் பதில்கள் உண்டு. "எல்லாம் முடிதான் தம்பி." "அவனுக்கு எலும்பு கனம்." "உக்காந்திருக்கான்ல, அதான் அப்படித் தெரியுது." சிலிண்டர் போட வந்தவர் ஒருநாள் அக்கறையாக, "எத்தனை மாசம் சார்?" என்று விசாரித்தார். "ஆம்பளைப் பையன்ப்பா" என்றார் சார். அந்த மாதம் சிலிண்டருக்கு டிப்ஸ் கிடையாது.

பூனை தனியாக எடை மிஷினில் நிற்காது. ஆகவே அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சார் ஏறுவார். இருவருமாக 79.5. சார் மட்டும் 72. சாதாரணக் கழித்தல்தான். ஒற்றை ரூபாய் உதைத்தாலும் ராத்திரி எட்டு மணிவரை பேரேட்டைப் புரட்டிய மனிதர், "இப்பதான் டிபன் சாப்பிட்டேன், அதையும் கழிக்கணும்" என்று இரண்டு இட்லிக்கு இரண்டு கிலோ கழித்தார்.

கால்நடை மருத்துவர் விலா எலும்பைத் தேடித் தடவினார். நெடுநேரம் தேடினார். கடைசியில் "ஒன்பதுக்கு எட்டு" என்று எழுதினார். சார் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து, "ஒன்பதுக்கு எட்டு மார்க்!" என்று அறிவித்தார். கூடப் போயிருந்த வீட்டம்மாதான் விளக்கினார்: அது பரீட்சை மார்க் இல்லை, உடம்பின் அளவுகோல், அதில் 5 வாங்கினால்தான் சரியான உடம்பு.

மருத்துவர் இன்னும் நிறையச் சொல்லியிருந்தார். சர்க்கரை வரும், மூட்டு தேயும், பால் வேண்டாம். கருத்தடை செய்த பூனைக்குச் சாப்பாட்டுத் தேவை குறையும், பசி மட்டும் குறையாது. (ஓய்வு பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.) போகிற போக்கில், "அதுக்காகப் பட்டினி போட்டுடாதீங்க. சில நாள் சாப்பிடாம இருந்தாலே பூனைக்குக் கல்லீரல் கெட்டுடும், கொஞ்சம் கொஞ்சமா குறைங்க" என்றார். சார் அந்த ஆலோசனை முழுவதிலும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது "பட்டினி போட்டுடாதீங்க" ஒன்றைத்தான்.

உண்மையில் சாருக்கும் சர்க்கரை. ராத்திரி இரண்டு சப்பாத்தி, மதியம் அளந்து வைத்த சோறு. முணுமுணுக்காமல் சாப்பிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மசாலா தடவுமுன் எடுத்து வைத்த வஞ்சிரத் துண்டை ஒல்லி மெல்லும்போது, எதிரே குந்தியிருக்கும் சாரின் தொண்டைக்குழி ஏறி இறங்கும். தனக்கு மறுக்கப்பட்டதையெல்லாம் அவர் அந்த வாய்வழியாகத்தான் சாப்பிடுகிறார். இரண்டு வாய் சாப்பிட வேண்டியதை ஒரு வயிறு தாங்குகிறது.

வீட்டிலுள்ள மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விடியற்காலை சார், மீன் கழுவும்போது வீட்டம்மா, ஆபீஸ் கிளம்புமுன் மருமகள், பள்ளி விட்டதும் பேரன். ஒவ்வொருவரிடமும் ஒல்லி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத முகத்தோடு போய் நிற்கும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை இருக்கிறது, சுற்றிலும் எலிகள். பிரிட்ஜ் கதவுக்கு முன்னால் ஒல்லி நிற்பதைப் பார்த்த பிறகு, அந்தச் சிற்பி கற்பனையே செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன மாதம் வீட்டில் அவசரச் சட்டம் வந்தது. அளவுக் கிண்ணம், இரண்டு வேளை, யார் போட்டாலும் நோட்டில் எழுத வேண்டும். நான்கு வாரம் கழித்து எடை போட்டால் ஒல்லி 100 கிராம் கூடியிருந்தது.

நோட்டும் கையுமாகச் சார் என் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன். வரவும் இருப்பும் டேலி ஆகல. இவனுக்கு வெளியில எங்கயோ ஒரு கணக்கு ஓடுது."

"அப்படியா சார்? யாரா இருக்கும்?" என்று கேட்டபடியே, நெத்திலி வாசம் மாறாத கிண்ணத்தைக் காலால் மெல்ல பீரோவுக்கு அடியில் தள்ளினேன்.